ஜப்பான் போகும் நம்ம மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு குரல்பதிவு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை பக்கமிருந்து ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக, வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்று ஒரு பக்கக் குறிப்பு தயாரித்து வருகிறோம். அதோடு சேர்க்க, போலீஸிடம் சொல்ல வேண்டிய ஜப்பானிய வாக்கியங்களின் குரல்பதிவும் வேண்டும். குறிப்பில் உள்ளது இதுதான்:

குடியிருப்பு அட்டை (அங்கே தங்கும் வெளிநாட்டவருக்கு ஜப்பான் அரசு தரும் அடையாள அட்டை) எப்போதும் கையில் இருக்கணும். ஜெராக்ஸ், போனில் எடுத்த படம் செல்லாது. அட்டையை எடுக்காமல் வெளியே போனால் 2 லட்சம் யென் வரை அபராதம். கம்பெனிக்காரர் கேட்டாலும் அட்டையை அவரிடம் விட்டு வைக்காதீர்கள். வீடு மாறினால் 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதியணும். புது முகவரியை அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார்கள். போலீஸ் அதையும் திருப்பிப் பார்ப்பார்.

அதிகம் மாட்டுவது சைக்கிளில்தான். அதில் ஒட்டியிருக்கும் பதிவு ஸ்டிக்கர் எண்ணை வயர்லெஸ்ஸில் சொல்லி, யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். ஊர் திரும்பிய நண்பர் பெயர் மாற்றாமல் விட்டுப்போன சைக்கிள் என்றால் திருட்டுச் சந்தேகம் வந்துவிடும். வாங்கும்போதே கைமாற்றிய கடிதம் எழுதி வாங்கி, உங்கள் பெயரில் பதிந்துகொள்வதுதான் ஒரே வழி.

ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்தவர்கள், "இது நண்பர் கொடுத்த சைக்கிள்", "மொழிபெயர்ப்பாளர் வேண்டும்", "உங்கள் அடையாள அட்டையைக் காட்டுவீர்களா?" மாதிரி பத்து வாக்கியங்களை மரியாதை நடையில், நிதானமாகப் பேசி அனுப்புங்கள். கேட்டால் அதிகாரியும் தன் அட்டையைக் காட்டணும் என்பது அங்கே சட்டம். இப்படி மாட்டியவர்களுக்கு மொழிபெயர்த்து உதவ, ராத்திரியில் போன் எடுக்கக்கூடியவர்கள் அங்கே இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.