தாடியஸ் ஸ்டீவன்ஸ்: கொள்கைக்காரரா, வஞ்சம் தீர்த்தவரா?

ஆற்றங்கரை எழுதியது:
அமெரிக்க அடிமை ஒழிப்பு என்றால் லிங்கன் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். பிரதிநிதிகள் சபையில் அவரை ஓயாமல் நெருக்கிக்கொண்டிருந்த தாடியஸ் ஸ்டீவன்ஸை யாரும் பேசுவதில்லை. 1792இல் வெர்மான்ட் மாநிலத்து டேன்வில்லில் ஏழை வீட்டில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. தகப்பன் வீட்டை விட்டுப் போய்விட, தாய் சாரா பாடுபட்டுப் படிக்கவைத்தார். பென்சில்வேனியாவுக்கு வந்து வக்கீலானார். 1849 முதல் நான்கு ஆண்டுகளும், பிறகு 1859 முதல் 1868இல் இறக்கும்வரையும் காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர். அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து கலகம் செய்ததால் மூண்ட உள்நாட்டுப் போரின் செலவுக்குப் பணம் திரட்டிய நிதிக் குழுவுக்கு அவரே தலைவர். அந்த நாட்டில் பிறந்த எவரும் குடிமகன், சட்டத்தின் முன் யாவருக்கும் சமப் பாதுகாப்பு என்ற அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தைச் சபையில் முன்நின்று நடத்தியவரும் அவர்தான். அந்த நூற்றாண்டில் அவருக்கு நிகரான சட்டமன்றவாதி வேறொருவர் இல்லை என்பேன்.

கல்தச்சன் எழுதியது:
ஆற்றங்கரை அவர்களே, இதை ஏற்க மாட்டேன். 1863 ஜூனில் ஜூபல் எர்லியின் தெற்குப் படை கெட்டிஸ்பர்க் பக்கம் வந்தபோது, ஸ்டீவன்ஸுக்குச் சொந்தமான கலிடோனியா இரும்பாலையைக் கொளுத்திவிட்டுப் போனது. இரண்டே ஆண்டில், 1865 செப்டம்பரில், அவர் வாழ்ந்த லங்காஸ்டர் நகர மேடையில் அவர் கேட்டது என்ன? தெற்கின் பெருநிலக்காரர்களின் நிலத்தையெல்லாம் பறிமுதல் செய்ய வேண்டும் என்றார். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவியிலிருந்து இறக்க, நடக்க முடியாத நிலையிலும் நாற்காலியில் தூக்கிவரச் சொல்லி வந்து நின்றார். ஆறாத கோபம் ஒன்று இந்த மனிதரை இயக்கியது. கோபத்தில் எழுதும் சட்டம் நாட்டைக் கட்டாது.

மேழி எழுதியது:
கல்தச்சன், ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் 1838இல் தயாரானது. வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்ததால், அதை உருவாக்கிய மாநாட்டில் உறுப்பினராக இருந்தும் ஸ்டீவன்ஸ் கையெழுத்துப் போட மறுத்தார். ஆலை எரிந்தது அதற்கு 25 ஆண்டுகள் கழித்து. 1835இலும் அப்படித்தான்: இலவசப் பள்ளிச் சட்டத்தை நீக்க மாநில செனட் வாக்களித்துவிட்ட பிறகு, கீழ்ச்சபையில் ஒரே உரையில் அதைக் காப்பாற்றினார். எரியாத ஆலைக்காகவா அப்போது கோபப்பட்டார்?

நிலப் பறிமுதல் என்றீர்கள். அவர் போட்ட கணக்கையும் சொல்லியிருக்கலாமே. 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த கலகக்காரர்கள்தான் குறி. சுமார் 70,000 பேர், அவர்கள் கையில் 39 கோடி 40 லட்சம் ஏக்கர். விடுதலை பெற்ற ஆண் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுத்தால் 4 கோடி ஏக்கர் போதும். மீதியை விற்றுப் போர்க் கடனை அடைக்கலாம். சிறு விவசாயியின் நிலத்தை அவர் தொடவே இல்லை. உச்சவரம்பு என்ற சொல்லை அறிந்த நமக்கு இது வஞ்சமாகவா தெரிகிறது? காங்கிரஸ் இதை நிறைவேற்றவில்லை. விடுதலையானவன் பழைய எஜமானின் வயலுக்கே வாரக் குடியாகத் திரும்பினான். நெஞ்சு கொதிக்கிறது எனக்கு.

கல்தச்சன் எழுதியது:
1838ஐ ஒப்புக்கொள்கிறேன். வஞ்சம் என்ற வாதத்தை ஆலையின் மேல் நான் கட்டியிருக்கக் கூடாது. ஆனால் 1821ஐ இருவருமே தொடவில்லை. சேரிட்டி பட்லர் என்ற பெண் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டு நீதிமன்றம் போனார். வெளி மாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதம் பென்சில்வேனியாவில் தங்கினால் விடுதலை என்பது அங்குள்ள சட்டம். விட்டுவிட்டுத் தங்கிய நாட்களைக் கூட்டக் கூடாது, ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று எஜமானனுக்காக வாதாடி ஜெயித்த வக்கீல் யார்? ஸ்டீவன்ஸ். நாட்களை எண்ணி ஒரு தாயைத் திரும்ப அடிமையாக்கியவருக்கா இவ்வளவு புகழ்?

ஆற்றங்கரை எழுதியது:
அதை மறைக்கவோ நியாயப்படுத்தவோ மாட்டேன். அந்தக் கறை போகாது. ஆனால் அதே வக்கீல்தான் 1851இல், தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க உதவ மறுத்ததற்காகப் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா ஊரில் தேசத்துரோக வழக்கில் சிக்கியவர்களுக்காக நின்றார். லங்காஸ்டரில் நல்ல இடுகாடுகள் இருந்தும், அவை வெள்ளையருக்கு மட்டும் என்பதால், எல்லா இனத்தாரையும் ஏற்கும் ஒரு சிறிய இடுகாட்டில் தன்னைப் புதைக்கச் சொன்னார். அந்தக் காரணத்தையே கல்லறையில் செதுக்கவும் வைத்தார். 1821இல் இருந்த மனிதர் அங்கேயே நின்றுவிடவில்லை.

ஆறாத கோபம் அவரை இயக்கியது என்றீர்களே, அதற்கும் ஒரு பதில் உண்டு. 14ஆவது திருத்தம் அவர் கேட்டதில் பாதிகூட இல்லை. 1866 ஜூனில் சபையில் எழுந்து அதைச் சொல்லிவிட்டே ஆதரித்தார். தேவதைகளுக்கு நடுவில் அல்ல, மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறேன் என்பதே அவர் சொன்ன காரணம்.

கல்தச்சன் எழுதியது:
கல்லறைச் செய்தி எனக்குப் புதிது. மதிக்கிறேன். ஆனாலும் ஜான்சன் வழக்கில் நான் அசையவில்லை. அமைச்சரை நீக்கியதற்காக ஓர் அதிபரை இறக்குவது என்றால், நாளை எந்த அதிபர் நிம்மதியாக ஆள முடியும்? பதவி நீக்கத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்; கிடைத்தது 35க்கு 19. ஒரே வாக்குக் குறைவில் தப்பினார். அந்த ஒரு வாக்கு நாட்டுக்கு நல்லதையே செய்தது.

மேழி எழுதியது:
அமைச்சர் நீக்கம் வெளியில் சொன்ன காரணம் மட்டுமே. கலகக்காரர்களுக்கு மன்னிப்பு வழங்கி, கறுப்பர்கள் உழத் தொடங்கியிருந்த நிலத்தைப் பழைய உடைமையாளர்களிடமே திருப்பிக் கொடுக்க வைத்தவர் ஜான்சன். குடியுரிமைச் சட்டத்தையும் நிராகரித்தார். காங்கிரஸ் அதை மீறித்தான் நிறைவேற்ற வேண்டியிருந்தது. நிம்மதியாக ஆள்வது யாருடைய நிம்மதி, நண்பரே? விதைத்தவனை வயலிலிருந்து எழுப்பிவிட்டார்களே, அவனைக் கேட்டால் அந்த ஒரு வாக்கை நல்லது என்பானா?

கல்தச்சன் எழுதியது:
அவன் சொல்ல மாட்டான். ஆனால் அவனுக்கு வேண்டியது நிலச் சட்டம், அதிபர் நீக்கம் அல்ல. அந்த நிலச் சட்டத்தில் உங்களோடு நிற்கிறேன், வழக்கில் நிற்க மாட்டேன். ஒரு வேண்டுகோள்: இனி ஸ்டீவன்ஸைப் பற்றி எழுதும்போது சேரிட்டி பட்லரின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.