சைக்கிள் சீட்டில் மெத்தையைக் கூட்டியும் வலி கூடுகிறதே, ஏன்?

கேள்வி – சேரன்மகாதேவி ஆசிரியை

வணக்கம். சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை, மேலச்செவல் வழியாக முன்னீர்பள்ளம் பக்கம் உள்ள பள்ளிக்கு நாள்தோறும் சைக்கிளில் சென்று வருகிறேன். பல ஆண்டுகள் சாதாரண லேடீஸ் சைக்கிள்தான் ஓட்டினேன். அப்போது பெரிய தொந்தரவு இருந்ததில்லை. இந்த ஆண்டு நேரான ஹேண்டில்பார் வைத்த கியர் சைக்கிள் வாங்கிய பிறகு, உட்காரும் இடத்தில் அல்லாமல் அதற்கு முன்புறத்தில் அழுத்தமும் எரிச்சலும், சில நேரங்களில் மரத்துப்போகும் உணர்வும் ஏற்படுகின்றன. ஆனி, ஆடியில் மேல்காற்றுக்கு எதிராகக் குனிந்து வீடு திரும்பும்போது இது மிகவும் அதிகமாகிறது. வண்டி வாங்கிய கடையில், விவரத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, "சீட் வலிக்கிறது" என்று மட்டும் சொன்னேன். ஜெல் கவர் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். அதன்பின் வலி கூடியதே தவிரக் குறையவில்லை. இதற்கிடையே இரண்டு முறை நீர்க்கடுப்பும் வந்துவிட்டது. கர்ப்பப்பைக்கு ஆகாது, சைக்கிளை விட்டுவிடு என்று வீட்டில் அத்தை சொல்கிறார்கள். பெண்களுக்கான சீட் என்பது உண்மையிலேயே வேறானதா, அல்லது விற்பனைக்காகச் சொல்லப்படுவதா?

பதில் – இயன்முறை மருத்துவர், பாளையங்கோட்டை

முதலில் அத்தையின் கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சீட்டின் அழுத்தம் விழுவது வெளிப்புறத் தோலிலும் அதன் அடியில் உள்ள மென்திசுக்களிலும் நரம்புகளிலும்தான். இடுப்புக்கூட்டுக்குள் மேலே இருக்கும் கர்ப்பப்பையை அது எட்டுவதில்லை. ஆகவே நீங்கள் சைக்கிளை விட வேண்டியதில்லை. ஆனால் மரத்துப்போவதைப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம், ஏனெனில் அது நரம்பும் இரத்த ஓட்டமும் நெருக்கப்படுவதன் அறிகுறி.

கடினமான பெஞ்சில் உட்கார்ந்தால் புட்டத்தின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் உறுத்துமல்லவா, உடலின் எடையைத் தாங்க வேண்டியவை அவைதாம். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி சராசரியாகப் பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகம் என்றாலும், ஆளுக்கு ஆள் அது பெரிதும் மாறுபடுவதால் உங்கள் அளவை நீங்களே எடுப்பதுதான் சரி. மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டியின் நெளிவு அட்டையை மரஸ்டூலின் மேல் வைத்து, மெல்லிய துணி உடுத்தி, கால்களைச் சற்று உயர்த்தி, சிறிது முன்னோக்கிச் சாய்ந்து அரை நிமிடம் உட்காருங்கள். எழுந்த பிறகு சாக்பீஸைப் படுக்க வைத்து அட்டையின் மேல் தேய்த்தால், பள்ளம் விழுந்த இரண்டு இடங்கள் மட்டும் வெளுக்காமல் நிற்கும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். 13 செ.மீ. வருகிறது என்றால், ஓரளவு குனிந்து ஓட்டும் வண்டிக்கு ஏறக்குறைய 15 செ.மீ. அகலமுள்ள சீட்டும், நிமிர்ந்து ஓட்டும் வண்டிக்கு அதைவிட அகலமானதும் பொருந்தும்.

பழைய வண்டியில் வராத வலி இப்போது வருவதற்குக் காரணம் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தபோது எடை பின்னால் எலும்புகளின் மேல் இருந்தது. குனியும்போது இடுப்புக்கூடு முன்னே சரிவதால் அது மென்திசுக்களின் மேல் இறங்குகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்வாக இருந்த பெண்களுக்கு இந்த அழுத்தம் மிகுந்தும் உணர்ச்சி குறைந்தும் இருந்தது கண்டறியப்பட்டது. உங்கள் வண்டியில் ஹேண்டிலை உயர்த்த வழியிருந்தால் சீட்டை மாற்றுவதற்கு முன்பே அதைச் செய்து பாருங்கள்.

ஜெல் கவரை இன்றே கழற்றிவிடுங்கள். தாமிரபரணி மணலில் கால் புதையும்போது விரலிடுக்கில் மணல் பிதுங்கி மேலே வருவதைப் போல, எலும்புகள் ஜெல்லில் அமிழ்ந்ததும் நடுவில் உள்ள ஜெல் எழும்பி, எங்கே அழுத்தம் கூடாதோ அங்கேயே அழுத்துகிறது. நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள, ஓரளவு கெட்டியான சீட்டே பலருக்கும் ஒத்துவருகிறது. ஆனால் திறப்பின் விளிம்பு சிலருக்கு உறுத்தும்; அவர்களுக்குத் திறப்பில்லாமல் நடுப்பகுதி மட்டும் மிருதுவாக உள்ள சீட் நல்லது.

2002-இல் பெல்ஜிய மருத்துவர்கள், வாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய ஆறு பந்தய வீராங்கனைகளுக்குப் பிறப்புறுப்பின் ஒருபக்கம் நிரந்தர வீக்கம் ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். அந்த அளவுக்கு உங்கள் ஓட்டம் இல்லை; அஞ்ச வேண்டாம். எனினும் ஓய்வுக்குப் பிறகும் வடியாத வீக்கம், கட்டி, மறுநாள் வரை நீடிக்கும் மரப்பு ஆகியவை இருந்தால் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். நீர்க்கடுப்பு திரும்பவும் வந்தாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

பதில் – சைக்கிள் கடைக்காரர், மேலப்பாளையம்

சகோதரி, டாக்டர் சொன்னவற்றோடு சீட்டின் சாய்வையும் பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் சீட்டின் முன்முனை மேல்நோக்கி நிற்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளமான ஸ்கேலை வைத்து, அதன் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். மட்டத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் முன்முனையை மிகச் சிறிதளவு இறக்கலாம். பந்தயங்களிலேயே, ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும் என்றிருந்த விதியைப் பன்னாட்டுச் சைக்கிள் சங்கம் 2016-இல் தளர்த்தி, 9 டிகிரி வரை இறக்க அனுமதித்தது. நீங்கள் அவ்வளவு இறக்க வேண்டாம். உடல் வழுக்கி முன்னே போய் மணிக்கட்டு வலிக்கும்.

உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அதைவிட உயர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடி, உராய்வில் தோல் புண்ணாகும். இரண்டு காலும் முழுதாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை அடியோடு இறக்கி வைத்தாலோ, கால் மிதியில் தாங்க வேண்டிய எடையும் சீட்டுக்கே வந்துசேரும். மற்றபடி, பெண்களுக்கான சீட் என்று வருவதில் பாதி ரோஸ் நிறம் பூசிய பழைய சரக்குதான். பெயரைப் பார்க்காமல் அகலத்தை அளந்து வாங்குங்கள்.

பதில் – அம்பாசமுத்திரம் வாசகி

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி என்றாலும், உண்மையாகவே பெண்களை வைத்துச் சோதித்து உருவாக்கிய சீட்டுகளும் சந்தையில் உள்ளன. விலைதான் கையைக் கடிக்கும்.

யாரும் பேசாத விஷயம் உடை. சுடிதார் பேண்டின் நான்கு தையல்களும் சரியாகச் சீட் அழுத்தும் இடத்தில்தான் வந்து கூடுகின்றன. தையல்காரரிடம் சொல்லி அந்த இடத்தில் சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொன்னால் முடிச்சு விலகிவிடும். நெடுந்தூரத்துக்கு, பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸைச் சுடிதாருக்குள் அணியலாம். அதனுள் வேறு உள்ளாடை கூடாது, அணிந்தால் அதன் விளிம்பே அறுக்கும். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். நம் வீடுகளில் பெண்களின் உள்ளாடைகளை வெயிலில் போடக் கூச்சப்பட்டு, துண்டுக்கு அடியில் மறைத்து உலர்த்துகிறோம். அந்த ஈரத்தில்தான் படையும் அரிப்பும் வருகின்றன. வெயிலிலேயே போடுங்கள், அக்கா. பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களா? நீர்க்கடுப்புக்குச் சீட்டைவிட அதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

மறுமொழி – சேரன்மகாதேவி ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. கழிப்பறை விஷயத்தில் நீங்கள் ஊகித்தது சரிதான். அட்டையில் அளந்ததில் 14 செ.மீ. வந்தது; சீட்டின் முன்முனையும் தூக்கித்தான் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அரசின் இலவச சைக்கிள் பெற்ற மகளுக்கும் இதே முறையில் பார்க்கலாமா?

பதில் – இயன்முறை மருத்துவர், பாளையங்கோட்டை

தாராளமாக. அது நிமிர்ந்து ஓட்டும் வண்டி என்பதால் அகலமான ஸ்பிரிங் சீட்டே அவளுக்குப் போதும். உயரமும் சாய்வும் மட்டும் பாருங்கள். சீட் கம்பியை உயர்த்தும்போது அதில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. உங்களுக்கு 16 செ.மீ. அகலச் சீட் பொருந்தும். வாங்குமுன், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்; அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று சில மிதிகள் ஓட்டுங்கள்.