அப்பாவின் கைப்பேசியில் 9 நாளாகச் சிக்னல் இல்லை. சிம் நன்றாகத்தான் இருக்கிறது. வழி சொல்லுங்கள்

தக்கலை மகள் | ஞாயிறு, காலை 7.40

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 74. அண்மையில் திருவனந்தபுரத்தில் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். 6 நாள் அங்கே தங்கிவிட்டு வீடு திரும்பினோம். திரும்பிய நாளிலிருந்து அவருடைய கைப்பேசியில் சிக்னல் இல்லை. திரையின் மேலே 'சேவை இல்லை' என்று நிற்கிறது. சில வேளைகளில் அது 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று மாறுகிறது.

நான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டால் மாலை 5 மணி வரை அப்பா தனியாகத்தான் இருப்பார். வீட்டில் வைஃபை இருப்பதால் வாட்ஸ்அப்பில் பேசிவிடுகிறோம். ஆனால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறவர் இல்லை அவர். வாழைக்குத் தண்ணீர் திருப்ப விளைக்குள் இறங்கிவிட்டால் வைஃபை எட்டாது. அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைக் கூப்பிட வழியில்லையே என்ற நினைப்போடுதான் இத்தனை நாளும் வகுப்பில் நிற்கிறேன்.

செய்து பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பலமுறை அணைத்துப் போட்டேன். விமானப் பயன்முறையை வைத்து எடுத்தேன். சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அவருடைய சிம்மை என் கைப்பேசியில் போட்டால் உடனே சிக்னல் வருகிறது. வேறு நிறுவனத்தைச் சேர்ந்த என் சிம்மை அவருடைய கைப்பேசியில் போட்டால் அதுவும் வேலை செய்கிறது. அவர் சிம் அவர் கைப்பேசியில் இருந்தால் மட்டும் ஒன்றும் இல்லை.

ஒரு கடையில் நெட்வொர்க் ஐ.சி. (டவரோடு பேசுகிற சில்லு) போய்விட்டது, 2,800 ரூபாய் ஆகும், 2 நாள் விட்டுப் போங்கள் என்றார்கள். இன்னொரு கடையில் கைப்பேசியை முழுவதுமாக அழித்துப் புதிதுபோல் ஆக்கினால் சரியாகும் என்றார்கள். அதில் அம்மாவின் குரல் பதிவுகள் இருக்கின்றன. அம்மா இறந்து 2 ஆண்டு ஆகிறது. அதனால் நான் சம்மதிக்கவில்லை. நாளை புதிய சிம் வாங்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குலசேகரம் ரப்பர் | காலை 8.05

முதலில் அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். எங்கள் பக்கம் மின்சாரம் போய் டவரில் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் ஊர் முழுக்கச் சிக்னல் போய்விடும். ஒக்கிப் புயலின்போது பல நாள் அப்படித்தான் கிடந்தோம். ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை' என்று இருக்கும், அதைச் செய்து பாருங்கள். படங்களோ பதிவுகளோ அழியாது.

தக்கலை மகள் | காலை 8.20

பக்கத்து வீட்டு அக்காவிடம் அதே நிறுவனத்தின் சிம்தான், நன்றாக இருக்கிறது. ரீசார்ஜ் அடுத்த மாதம் வரை இருக்கிறது. நீங்கள் சொல்கிற மீட்டமைப்பைச் செய்தால் வைஃபை கடவுச்சொல்லும் போய்விடும் என்று வருகிறது. அதைப் போட்டுக் கொடுத்த அண்ணன் துபாய் போய்விட்டார், எங்களுக்குக் கடவுச்சொல் தெரியாது. இருக்கிற ஒரே வழியும் அடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பறக்கை வயல்காரன் | காலை 8.50

அம்மா, ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திடீரென்று சிக்னல் போனால் வேறு யாரோ நம் பெயரில் மாற்றுச் சிம் வாங்கிவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். அப்படி வாங்கினால் நம் கையில் இருக்கிற சிம் செத்துவிடும், வங்கி ஓ.டி.பி. அவர்களுக்குப் போகும். அப்பாவின் வங்கிக் கணக்கை இன்றே பாருங்கள். தவறு ஏதும் தெரிந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் கைப்பேசிப் பழுது | காலை 9.30

வயல்காரர் சொன்ன எச்சரிக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆனால் இங்கே அந்தப் பயம் வேண்டாம். மாற்றுச் சிம் எடுத்திருந்தால் பழைய சிம் எந்தக் கைப்பேசியிலும் உயிர் பெறாது. அக்காவின் கைப்பேசியில் அது வேலை செய்கிறது.

அக்கா, நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன். 2,800 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். டவரோடு பேசுகிற பகுதி உண்மையிலேயே செத்திருந்தால் உங்கள் சிம்மும் அதில் வேலை செய்யாது. *#06# என்று அழுத்திப் பாருங்கள். கைப்பேசியின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ஒழுங்காக வந்தால் அந்தப் பகுதி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை பழுதான பல கைப்பேசிகளில் அந்த எண் வராது, அல்லது வெறும் சுழியமாக வரும். வாங்கும்போதே பழையதாக வாங்கிய கைப்பேசி என்றால், கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு ஓர் இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டுப் புகாரில் முடக்கப்பட்டதா என்று பதில் வரும்.

புதிய சிம்மும் இப்போது வேண்டாம். அதற்கு அப்பாவே நேரில் போய் விரல் வைக்க வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகவும் செய்யாது. மோசடியைத் தடுக்க அரசு வைத்த விதி அது. மருத்துவமனைச் செய்திகளை எதிர்பார்க்கிற நேரத்தில் வீணாக அந்தத் தொல்லை எதற்கு?

அம்மாவின் பதிவுகளை எந்தப் பழுதுக்கும் முன்பே எடுத்து வையுங்கள். இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் சிக்னலே தேவையில்லை. இரு கைப்பேசிகளையும் பக்கத்தில் வைத்துக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து 'குவிக் ஷேர்' வழியாக அனுப்பினால் போதும். எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். பலர் போன பிறகுதான் அழுகிறார்கள்.

தக்கலை மகள் | காலை 10.10

நன்றி தம்பி. *#06# போட்டேன், இரண்டு எண்கள் ஒழுங்காக வந்தன. கைப்பேசி புதிதாக வாங்கியதுதான். வங்கிக் கணக்கும் சரியாக இருக்கிறது. பதிவுகளை இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர் | காலை 10.45

மகளே, மூன்று விவரம் வேண்டும். இதுவரை யாரும் கேட்காதவை. கடைசியாகச் சிக்னல் எந்த ஊரில் இருந்தது? இந்த 9 நாளில் ஒரு நிமிடமாவது, எங்கேயாவது வந்ததா? திருவனந்தபுரத்தில் இருந்தபோது வேறு யாராவது அந்தக் கைப்பேசியின் செட்டிங்ஸைத் தொட்டார்களா?

தக்கலை மகள் | காலை 11.00

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. வியாழக்கிழமை மறுபரிசோதனைக்குக் காரில் போனோம். படந்தாலுமூடு தாண்டியதும் அப்பாவின் பையில் கைப்பேசி விடாமல் ஒலித்தது. பழைய குறுஞ்செய்திகள் எல்லாம் கொத்தாக வந்து விழுந்தன. தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மருத்துவமனையிலும் நன்றாக இருந்தது. திரும்பி மார்த்தாண்டம் பாலத்தில் ஏறும்போது பார்த்தால் மறுபடியும் இல்லை. உள்ளே ஏதோ இணைப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று எண்ணிவிட்டேன்.

செட்டிங்ஸைத் தொட்டது உண்மை. நாங்கள் தங்கிய விடுதி அறையில் சிக்னல் வந்து வந்து போயிற்று. கேரளத்துப் பாறசாலையில் இருக்கிற சித்தி மகன் பார்க்க வந்தபோது ஏதோ மாற்றிக் கொடுத்தான். அதன் பிறகு அங்கே நன்றாக இருந்தது.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர் | காலை 11.35

விடை உங்கள் பதிலிலேயே வந்துவிட்டது. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைப் பக்கம் போனால் உயிர் வருகிறது, மார்த்தாண்டம் வந்தால் போய்விடுகிறது. எந்த ஐ.சி.யும் எல்லை பார்த்துப் பழுதாகாது.

தொலைத்தொடர்புக்காக இந்தியாவை 22 உரிமப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பகுதியில் வருகிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளப் பகுதி. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு சேர்ந்தபோது பிறந்த எல்லைதான் இதிலும் எல்லை. நிறுவனம் ஒன்றாக இருந்தாலும், கைப்பேசியின் கண்ணுக்கு அதன் தமிழ்நாட்டு நெட்வொர்க் வேறு, கேரள நெட்வொர்க் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. 404 அல்லது 405 என்று தொடங்கும், அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தையும் பகுதியையும் குறிக்கும். திரையில் நமக்கு நிறுவனத்தின் பெயர் மட்டும் தெரிவதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

சாதாரணமாகக் கைப்பேசி தானாகவே தேடிக்கொள்ளும். எல்லை தாண்டினால் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும், திரும்பினால் நம் டவருக்கு வந்துவிடும். உங்கள் தம்பி அந்தத் தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டுப் பட்டியலிலிருந்து ஒரு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது கேரள நெட்வொர்க். அந்த நொடி முதல் கைப்பேசி அது ஒன்றைத்தான் தேடும். தக்கலையில் நம் டவர் தலைக்கு மேலேயே நின்றாலும் அதில் சேராது. அதனால்தான் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்கிறது. சுற்றிலும் டவர்கள் இருப்பது அதற்குத் தெரிகிறது, சேர அனுமதி இல்லை என்பதுதான் அந்தச் சொற்களுக்குப் பொருள்.

அணைத்துப் போட்டாலும் அந்தக் கட்டளை மறையாது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாகப் பதிந்திருக்கும். அப்பாவின் சிம்முக்கு எழுதிய கட்டளை உங்கள் சிம்மைக் கட்டுப்படுத்தவில்லை. உங்கள் கைப்பேசியில் அந்தக் கட்டளையே இல்லை. சிம்மும் நல்லது, கைப்பேசியும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் பழுது என்று உங்களை 9 நாள் அலைக்கழித்தது இதுதான்.

செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்குள் போய் அப்பாவின் சிம்மைத் தொடுங்கள். கீழே 'நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். சில கைப்பேசிகளில் 'நெட்வொர்க் ஆபரேட்டர்கள்' என்ற தலைப்புக்குள் இருக்கும். அதை இயக்குங்கள். ஓரிரு நிமிடம் தேடும், பொறுமையாக இருங்கள். குலசேகரத்துக்காரர் சொன்ன மீட்டமைப்பும் இதைச் சரிசெய்திருக்கும், ஆனால் வைஃபை போயிருக்கும். நீங்கள் தயங்கியது நல்லதாயிற்று.

உங்கள் தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அன்றைக்கு அந்த அறையில் அவர் செய்தது சரிதான். எல்லை தாண்டித் திரும்பும்போது மாற்ற வேண்டும் என்று சொல்லித்தர மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

தக்கலை மகள் | பகல் 12.05

ஐயா, வந்துவிட்டது! பொத்தான் அணைந்துதான் இருந்தது. அதன் கீழே எங்கள் நிறுவனத்தின் பெயரே இருந்ததால் நானாகப் பார்த்திருந்தாலும் தப்பு என்று தோன்றியிருக்காது. இயக்கி ஒரு நிமிடத்துக்குள் சிக்னல் கோடுகள் நிறைந்தன.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். இப்போதுதான் அப்பாவே திருப்பி அழைத்துப் பேசி முடித்தார். இன்னும் சில நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. உங்களுக்கும் மார்த்தாண்டம் தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவின் பதிவுகளும் என் கைப்பேசிக்கு வந்துவிட்டன.

நீரோடிக் கரை | மாலை 4.15

ஐயா, இதையே ஒட்டி ஒரு சந்தேகம். எங்கள் வீடு எல்லையிலேயே இருக்கிறது, அடுத்தது கேரளத்துப் பொழியூர். தானியங்கியில்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் பாதி நாள் கேரள டவரைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது பேச முடிகிறது, இணையம் மட்டும் வருவதில்லை. நம் பக்கம் வள்ளவிளை வரை வந்தாலும் உடனே திரும்புவதில்லை.

நாகர்கோவில் ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர் | மாலை 5.00

இணையம் வராததற்கு, வேறு பகுதி நெட்வொர்க்கில் இணையத்தை அனுமதிக்கும் 'டேட்டா ரோமிங்' அணைந்திருப்பது காரணமாக இருக்கலாம். சில கைப்பேசிகள் உள்நாட்டிலேயே வேறு பகுதிக்குப் போனாலும் அதைக் கேட்கும். இயக்கி வையுங்கள்.

உடனே திரும்பாததற்கும் காரணம் உண்டு. வேறு பகுதி நெட்வொர்க்கில் இருக்கும் கைப்பேசி, சொந்த நெட்வொர்க் கிடைக்கிறதா என்று இடைவெளி விட்டுத்தான் தேடும். அந்த இடைவெளி சிம்மிலேயே எழுதப்பட்டிருக்கும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். விமானப் பயன்முறையை வைத்து எடுத்தால் அப்போதே தேடிவிடும்.

வீட்டில் தமிழ்நாட்டு டவர் ஓரளவு நன்றாகக் கிடைக்கிறதென்றால் நீங்கள் கையால் அதைத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, திரையில் ரோமிங்கைக் குறிக்கும் ஆர் என்ற ஆங்கில எழுத்து வராமல் இருப்பது எது என்று பாருங்கள். ஆனால் திருவனந்தபுரம் போகிற நாளில் மறக்காமல் தானியங்கிக்கு மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். இல்லையென்றால் தக்கலையில் நடந்தது உங்களுக்குப் பாறசாலையில் நடக்கும்.

நீரோடிக் கரை | செவ்வாய், இரவு 8.30

பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெயரில் அந்த எழுத்து வரவில்லை. அதை வைத்து 2 நாள் ஆகிறது, மாறவே இல்லை. வீட்டின் கடல் பக்கத்து அறையில் மட்டும் சிக்னல் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, பேச முடிகிறது. அம்மாவின் கைப்பேசியிலும் டேட்டா ரோமிங்கைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நன்றி ஐயா.