காது பிரச்சினை: டைவிங்கை விடுவதா?

நிலாவெளிப் பெடியன்:

வணக்கம், திருகோணமலையில் டைவ் பண்ணுகிற ஆட்கள் யாராவது இருந்தால் பதில் போடுங்கள். வயது 40 தாண்டிவிட்டது, வேலை அரசாங்கக் கச்சேரியில், சண்டை முடிந்து கடல் திறந்த காலத்திலிருந்து சீசன் தவறாமல் சிலிண்டரோடு இறங்குகிறவன். இடது காது எப்போதுமே கொஞ்சம் பிந்தித்தான் திறக்கும், அதற்கேற்றபடி மெல்ல இறங்கிப் பழக்கம். போன சீசன் முடிவில் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையடியில் இறங்கும்போது ஐந்தாறு மீற்றரில் அந்தக் காது அடைத்தது, அதைத் திறக்க மூக்கைப் பொத்தி ஊதியதும் உள்ளே 'டப்' என்றது, உடனே எல்லாம் சுற்றத் தொடங்கிவிட்டது. எது மேல் எது கீழ் என்று பிடிபடவில்லை, என் குமிழிகள் போகிற பக்கத்தைப் பார்த்துத்தான் ஏறினேன். வள்ளத்தில் ஏறியும் தலைசுற்று நிற்கவில்லை, ஒரே சத்தி. காதுக்குள் வண்டு இரைகிற சத்தம் இன்னும் போகவில்லை, இரவில்தான் கூட.

காது மூக்கு தொண்டை டொக்டர் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை இல்லை, கேட்டல் சோதனையில் கீச்சுச் சத்தங்கள் மட்டும் குறைந்திருக்கிறதாம். டைவிங்கைப் பற்றிக் கேட்டதற்கு "விட்டால் நல்லது" என்று ஒரு வசனம், அதற்குள் வெளியில் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு. வீட்டில் மனுசி அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. மே மாதம் வரப்போகிறது, கூட்டாளிமார் இப்போதே கேட்கிறார்கள். முழுக்க விடுவதா, இல்லை ஆழம் போகாமல் புறாத்தீவுப் பக்கம் 10 மீற்றருக்குள் நின்றுகொள்ளலாமா?

கடற்பாசி:

அண்ணா, தலைசுற்று எப்போது வந்தது என்பதுதான் இதில் முக்கியம். மேலே ஏறும்போது வந்து ஓரிரு நிமிடத்தில் போய்விட்டால் பெரும்பாலும் இரண்டு காதிலும் அழுத்தம் ஒரே மாதிரி இல்லாததால் வருவது, பலருக்கும் வரும். உங்களுக்கு இறங்கும்போது, ஊதியதோடு வந்திருக்கிறது, இரைச்சல் நிற்கவில்லை, கேட்டலும் குறைந்திருக்கிறது. எனக்கென்றால் உட்காதில் அடிபட்ட மாதிரித்தான் தெரிகிறது. நடுக்காதுக்கும் உட்காதுக்கும் இடையில் மெல்லிய சவ்வு போட்ட சின்ன யன்னல் இருக்கிறது, காது அடைத்துக்கொண்டிருக்க முக்கி ஊதினால் அது கிழியலாம். செவிப்பறை நல்லாயிருக்கிறது என்பதற்காக இது நடக்கவில்லை என்று சொல்ல ஏலாது. செவிப்பறை கிழிந்தாலாவது அநேகமாகத் தானே ஆறிவிடும், உட்காதில் இருக்கிற கேட்டல் கலங்கள் செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது.

அப்புறம் அந்த 10 மீற்றர் கணக்கு. கடல்மட்டத்தில் அழுத்தம் 1 என்றால் 10 மீற்றரில் 2, 20இல் 3, 30இல் 4. முதல் 10 மீற்றருக்குள்ளேயே காதுக்குள் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்குகிறது, அதற்குக் கீழே போகப்போக மாற்றம் குறைவு. காது அதிகம் படுகிற பாடே நீங்கள் பாதுகாப்பு என்று நினைக்கிற இடத்தில்தான், உங்களுக்கு நடந்ததும் அங்கேதானே. மூக்கடைப்புக்குக் குளிசை போட்டுக்கொண்டு இறங்கு என்று கூட்டாளிமார் சொன்னாலும் கேட்காதீர்கள். கீழே நிற்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், ஏறுகிற நேரம் காதுக்குள் விரிகிற காற்று வெளியே வர வழியிருக்காது.

மூதூரான்:

என் அப்பா சிலிண்டர் போட்டு கடலட்டையும் சங்கும் எடுத்தவர். ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குவார், நேரக் கணக்கும் இல்லை, கையில் கட்டுகிற டைவ் கம்பியூட்டரும் இல்லை, காசு ஆழத்தில்தானே கிடந்தது. மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து இரத்தத்தில் குமிழி கட்டுகிற வருத்தம் அவருக்கு வந்தது, முழங்கால் நோ என்று தொடங்கி ஒருநாள் இடுப்புக்குக் கீழே விறைத்துவிட்டது. திருமலையில் கடற்படையிடம் இருக்கிற அழுத்த அறைக்குள் வைத்தபடியால் இன்றைக்கு நடக்கிறார், படி ஏறத்தான் கைபிடி வேணும். அதற்குப் பிறகும் கடலுக்குப் போனவர், வீட்டில் அடுப்பெரிய வேணுமே. உங்கள் கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மாதச் சம்பளம் இருக்கிற மனிசன் காதைக் குடுத்து மீன் பார்க்கப் போறாரோ" என்றார். கோபிக்காதீர்கள், அவருடைய கதை அப்படித்தான்.

நிலாவெளிப் பெடியன்:

கோபம் ஒன்றுமில்லை தம்பி, ஐயா சொல்வது நியாயம். ஆனால் மீன் மட்டுமில்லை. 1956இல் மைக் வில்சன் என்கிற டைவர் இறங்கிப் பார்த்த கோணேசர் கோயில் தூண்களை, அந்த மலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பார்க்கக் கிடைத்தது 2009க்குப் பிறகு. சின்ன வயதில் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இப்போது ஒரு காதுக்காக விடு என்றால் மனம் வருகுதில்லை.

உப்புவெளி அக்கா:

தம்பி, எனக்குத் தொய்வு (ஆஸ்துமா), அதனால் டைவிங்கை விட்டு வருசக்கணக்காகிறது. முதல் சீசன் வள்ளங்கள் போவதைப் பார்த்துக்கொண்டு கரையில் இருக்கச் சரியான எரிச்சல், அதை மறைக்கப் போவதில்லை. இப்போது மாஸ்க்கும் ஸ்னோர்க்கலும் மட்டும். காலையில் முதல் வள்ளத்தில், சனம் வந்து இறங்குவதற்கு முன்னம் புறாத்தீவுக்குப் போய்ப் பாருங்கள், செட்டை நுனி கறுத்த சுறாக்கள் இடுப்பளவு தண்ணீரிலேயே சுற்றும். மேலே மிதக்கிற வரைக்கும் காதில் அழுத்தம் ஏறாது. ஆனால் ஏதோ தெரிகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தென்று கீழே போகக் கூடாது, அது உங்களுக்கு டைவ் மாதிரித்தான். மிதக்கப் போவதற்கும் முதலில் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், தண்ணீரில் தலைசுற்று வந்தால் அது வேறு ஆபத்து.

உட்காதில் அடிபட்டவர் திரும்ப இறங்கலாமா என்பதில் டொக்டர்மாருக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. வாழ்நாளுக்கும் வேண்டாம் என்கிறவர்களும் உண்டு, முழுக்கச் சுகமாகி, காதும் சுகமாகத் திறந்தால் பார்க்கலாம் என்கிறவர்களும் உண்டு. உங்களுக்கு இரைச்சலே இன்னும் நிற்கவில்லை, அப்படியென்றால் இரண்டு பக்கமும் இப்போதைக்கு ஒரே பதில்தான். கூட்டாளிமாரிடம் இந்த சீசனுக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். கேட்டல் சோதனையைத் திரும்ப எடுத்து, பழைய றிப்போர்ட்டையும் கொண்டுபோய் டைவிங் மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், கொழும்புக்குப் போக வேண்டி வந்தாலும் பரவாயில்லை. மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவவும் ஒரு வசனத்துக்கு மேல் கேட்கட்டும்.

நிலாவெளிப் பெடியன்:

சரி அக்கா, சோதனைக்கு நம்பர் எடுக்கிறேன். மே மாதத்துக்கு வரமாட்டேன் என்று கூட்டாளிமாருக்கும் மெசேஜ் போட்டாச்சு, ஒருத்தன் மட்டும் அழுகிற பொம்மை அனுப்பியிருக்கிறான்.

கடற்பாசி:

நல்லது அண்ணா. வாயில் வைத்து மூச்சு விடுகிற ரெகுலேற்றர் சும்மா கிடக்கப் போகுதென்றால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து உள்ளே வையுங்கள், எங்கள் உப்புக் காற்றுக்குக் கெதியில் பழுதாகிவிடும். விற்கிற எண்ணம் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், என்ன மொடல் அது?