ரேடியஸ் சேர்வர் 'இல்லை' என்றால் இல்லைதான்

கிளிநொச்சிக்காரன்:
தலைமைக் கந்தோர் கிளிநொச்சியில், கிளை முல்லைத்தீவில். எல்லா ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதுவும் றாக் கதவின் உள்பக்கம் பேப்பரில் ஒட்டியிருக்கும். வேலை செய்த பெடியன் ஒருவன் கட்டார் போனபோது 14 பெட்டியிலும் ஒவ்வொன்றாக மாற்றிக் களைத்துத்தான் எல்லாப் பெட்டியின் லொகினையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் ரேடியஸ் சேர்வராக ஃப்ரீரேடியஸ் மென்பொருளைப் போட்டேன்.

முல்லைத்தீவு சிஸ்கோ ரவுட்டரை இருந்த இடத்திலிருந்தே மாற்றினேன். லொகினைச் சரிபார்க்க முதலில் ரேடியஸ், பிறகு ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் உள்ளூர்ப் பயனர் (பழைய அட்மின்) என்று வரிசை. அவசரத்தில் சேவ் வேறு செய்துவிட்டேன். வெளியே வந்து திரும்ப லொகின் செய்தால் என் பெயரும் செல்லவில்லை, பழைய அட்மினும் செல்லவில்லை.

ரவுட்டரில் நேரே குத்தும் கொன்சோல் கேபிளோடு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டேன். பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம். ஐப்பசி மழை வேறு. போய்க் கேபிளைக் குத்தினால் அங்கேயும் அதே மறுப்பு! 'டிஃபோல்ட்' என்ற பெயரில் எழுதிய அந்த வரிசை கொன்சோலுக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

வவுனியா நண்பனுக்குக் கோல் எடுத்தேன். "மச்சான், சேர்வர் உயிரோடு இருந்து 'இல்லை' என்கிறது. அது பேசாமல் இருந்தால்தான் ரவுட்டர் உள்ளூர்ப் பெயரைப் பார்க்கும். சேர்வரை நிப்பாட்டு" என்றான். கந்தோரில் தேத்தண்ணி போடும் அக்காவிடம் சொல்லிப் பிளக்கைக் கழற்ற வைத்தேன். 5 செக்கன் வீதம் நாலு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, 20 செக்கனில் அட்மினை உள்ளே விட்டது.

பிளக்கைத் திரும்பப் போட்டதும் என் பெயரும் வேலை செய்தது. பயனர் கோப்பில் பெயரைச் சேர்த்த நான் சேவையை ரீஸ்டார்ட் செய்யவே இல்லை!

மாங்குளத்தான்:
எனக்கு வேறு விதம். ஃபைபர் விழுந்து 4ஜிக்கு மாறும்போதெல்லாம் லொகினுக்கு அந்த 20 செக்கன் காத்திருப்பு. ரவுட்டர் 4ஜி பக்க ஐபியிலிருந்து கேட்கும். சேர்வர் பதில் சொல்ல வேண்டிய பெட்டிகளின் பட்டியலில் (கிளையண்ட் பட்டியல்) அது இல்லை, பதிலே வராது. எந்த லைனில் போனாலும் மாறாத லூப்பேக் ஐபியிலிருந்தே கேட்கும்படி சோர்ஸ் இன்டர்ஃபேஸை மாற்றியதும் சரி. அதற்கு முன் மூன்று நாள் ரேடியஸ் போர்ட்டான யுடிபி 1812 அடைபட்டிருக்கிறது என்று ஃபயர்வோலோடு வீணாய் மல்லுக்கட்டினேன்.

வவுனியாக்காரன்:
அந்த நண்பன் நான்தான். பாலம் தாண்டும் வரை எனக்கு ஒரு கோல் எடுக்கவில்லை இவன்! ரேடியஸ் பாஸ்வேர்டை மட்டும்தான் மறைக்கும், பயனர் பெயர் அப்படியே தெரியும். யார் எந்தக் கட்டளை அடித்தார் என்று பார்க்க வேண்டுமென்றால் ரேடியஸ் மாதிரியே லொகின் சரிபார்க்கும் டக்காக்ஸ் பிளஸ் போடுங்கோ, அதன் போர்ட் டிசிபி 49. அப்புறம், தூரத்துப் பெட்டியைத் தொட முதல் நான் 10 நிமிடத்தில் தானே ரீலோட் (ரீஸ்டார்ட்) ஆகச் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன், சேவ் செய்யமாட்டேன். பூட்டுப்பட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டு வர, பழைய கொன்பிக்கோடு எழும்பி நிற்கும்.