கல்லூரிக்குப் போகப்போகிற பிள்ளைகளிடம் பேசினால் மனசு லேசாகிறது. இது நம்பிக்கையா, சுயநலமா?

இரவுவாசகர்:
கொஞ்ச நாளாக உறுத்துகிற விஷயம், இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். எனக்கு 51 வயது. வாரத்தில் ஒருநாள் நூலகத்தில், பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, என்ன படிக்கலாம், விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதலாம் என்று பேசுகிற தன்னார்வ வேலை செய்கிறேன். நண்பர் ஒருவர் இழுத்துவிட்டதால்தான் போனேன். அப்போதெல்லாம் செய்தி படிப்பதையே விட்டிருந்தேன், எதைப் பார்த்தாலும் "இதெல்லாம் எங்கே உருப்படப்போகிறது" என்றுதான் வாயில் வரும்.

இப்போது அந்த ஒருநாள் எப்போது வரும் என்றிருக்கிறது. ஒரு பையன், தன் பேருந்து தினமும் எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரு வருடமாக நோட்டில் குறித்துவைத்திருக்கிறான். புகார் கொடுப்பதற்காக இல்லை. ஒரு வண்டி கொஞ்சம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது, ஏற்றி இறக்க நேரமாகி இன்னும் பிந்துகிறது, பின்னால் வருவதோ ஆளில்லாமல் விரைவாக வந்து இதன் வாலைப் பிடித்துவிடுகிறது, கடைசியில் இரண்டும் ஜோடியாக வந்து நிற்கின்றன என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே பிடித்திருக்கிறான். இதற்கெல்லாம் கணக்கு இருக்கிறதாமே, அதைப் படிக்க எங்கே சேர வேண்டும் என்று கேட்கிறான். இன்னொரு பெண்ணின் தம்பிக்குக் காது கேட்காது. அறிவியல் பாடத்தில் பல சொற்களுக்குச் சைகையே இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்ட வேண்டியிருக்கிறதாம், அந்தச் சைகைகளை உருவாக்குகிறவர்களோடு சேர மொழியியல் படிக்கப்போகிறாளாம்.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் தூக்கம் வருகிறது. அதுதான் சந்தேகம். நாங்கள் செய்யாமல் விட்டதை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கைகழுவப் பார்க்கிறேனோ? அப்புறம், இவர்களில் எத்தனை பேர் 30 வயதில் இதே ஆசையோடு இருப்பார்கள்?

சாக்பீஸ்:
22 வருடமாக வகுப்பில் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நூலகத்துக்கு வருகிறவர்கள் தாமாக எழுந்து வருகிறவர்கள். அதுவே ஒரு சல்லடை. பல நாடுகளில் ஒரே மாதிரி நடத்தும் பிசா என்ற தேர்வை 2018-இல் எழுதிய 15 வயதுப் பிள்ளைகளிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 41 நாடுகளில் ஆண்பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண்பிள்ளைகளில் 53 சதவீதமும் சொன்ன பதில் வெறும் 10 வேலைகளுக்குள் அடங்கிவிட்டது. மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், வக்கீல், இந்த வரிசைதான்.

கற்பனை வறட்சி என்று இதை நான் சொல்லமாட்டேன். அந்த 10-க்கு வெளியே வேலை செய்கிற ஒரு ஆளையாவது அவர்கள் பக்கத்தில் பார்த்திருந்தால்தானே! "என்ன ஆகப்போகிறாய்" என்று கேட்பதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "எதைப் பார்த்தால் உனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று கேட்கிறேன். பாதிப் பேர் என்னைத்தான் சொல்கிறார்கள், அது வேறு கதை. மீதிப் பேரிடம் உங்கள் பேருந்துப் பையன் மாதிரி ஏதாவது ஒன்று கிடைக்கிறது.

மொட்டைமாடி:
30 வயதில் அதே ஆசை இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? குவாய்ட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2013-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். எந்த வயதுக்காரரும், கடந்த 10 வருடத்தில் நான் நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாறமாட்டேன் என்றுதான் நினைக்கிறார். 18-க்கு மட்டும் உள்ள வியாதி இல்லை இது, 51-க்கும் உண்டு.

நான் வானியல் என்று சேர்ந்து, இரண்டாம் வருடம் இயற்பியல் உதைத்ததில் புள்ளியியலுக்கு மாறி, இப்போது ஒரு மருத்துவமனையில் அடுத்த மாதம் எத்தனை படுக்கை தேவைப்படும் என்று கணக்குப் போடுகிறேன். "கனவு போச்சே" என்று உறவினர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு ஒன்றும் போகவில்லை, தொலைநோக்கி மாடியில்தான் இருக்கிறது.

விரல்நுனி:
லூயி பிரெயில் ஞாபகத்துக்கு வருகிறார். பாரிஸில் பார்வையற்றோர் பள்ளி மாணவர். வேறொருவர் யோசித்த, தொட்டுப் படிக்கிற 12 புள்ளி எழுத்து முறை ஒன்றை எடுத்து, விரல்நுனிக்குள் அடங்கும் 6 புள்ளியாகச் சுருக்கி, 1824-இல் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். அப்போது வயது 15. அவர் படித்து, பிறகு பாடமும் நடத்திய அதே பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854-இல். அவர் இறந்தே 2 வருடம் ஆகியிருந்தது. பையன் தன் வேலையைப் பதினைந்திலேயே முடித்துவிட்டான், பெரியவர்களுக்குத்தான் 30 வருடம் பிடித்தது. சைகை உருவாக்கப்போகிற அந்தப் பெண்ணைப் பார்த்து நீங்கள் நன்றாகத் தூங்குங்கள், தப்பில்லை. காலையில் எழுந்து, அவள் கேட்கிற பரிந்துரைக் கடிதத்தை அன்றைக்கே எழுதிக்கொடுங்கள்.

ரிசல்ட்_வரட்டும்:
எனக்கு 17. சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், "நீங்கள்தான் எதிர்காலம்" என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இல்லை, யாரோ முடிக்காமல் வைத்த வீட்டுப்பாடத்தை என் பையில் திணிக்கிற மாதிரி இருக்கிறது. என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்கிறவர்களிடம் டாக்டர் என்று சொல்லிவிடுவேன், பேச்சு சீக்கிரம் முடியும். உண்மையில் எனக்குப் பூச்சிகள்தான். ஒரே ஒருவரிடம் இதைச் சொன்னபோது "எந்தப் பூச்சி?" என்று கேட்டார். அவ்வளவுதான், அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசினேன். சாணவண்டு பால்வீதியைப் பார்த்துத் திசை பிடிக்கும் என்று 2013-இல் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள், தெரியுமா? மொட்டைமாடி, இது உங்களுக்கும்தான்.

இரவுவாசகர்:
எல்லோருக்கும் நன்றி. சல்லடை உறைத்தது, தாமாக வராத பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்று நூலகத்தில் கேட்கிறேன். வண்டிகளுக்கு நேர அட்டவணை போட்டு ஓய்வுபெற்ற ஒருவரைத் தெரியும், அடுத்த வாரம் நோட்டுப் பையனிடம் கூட்டிவருகிறேன். கடிதம் நேற்றே போய்விட்டது, சத்தியமாக.

ரிசல்ட், வீட்டுப்பாடம் என்றது சுருக்கென்று குத்தியது. சரி, ஒன்று கேட்கிறேன்: ஒரு சாண உருண்டையை உருட்டிக்கொண்டு போக நட்சத்திரம் எதற்கு? எந்தப் பக்கம் போனால்தான் என்ன?

ரிசல்ட்_வரட்டும்:
எந்தப் பக்கமும் போகலாம் சார், ஆனால் நேராகப் போக வேண்டும். வளைந்து வளைந்து கிளம்பின குவியலுக்கே திரும்பி வந்துவிட்டால் மற்ற வண்டுகள் உருண்டையைப் பிடுங்கிவிடும். இன்னும் நிறைய இருக்கிறது, தனி இழை போடட்டுமா?