சர்ப்ரைஸ் டிரிப் தளம்: ஊர்ப் பெயரை எப்போது சொல்வது?

பூங்குழலி:
சென்னையிலிருந்து கிளம்பும் சர்ப்ரைஸ் வார இறுதிப் பயணங்களுக்கான புக்கிங் தளம் இது. தேதி, ஆள் எண்ணிக்கை, பட்ஜெட் மூன்றையும் வாடிக்கையாளர் கொடுப்பார். போக வர விமான டிக்கெட்டும் இரண்டு இரவு விடுதியும் தளம் ஏற்பாடு செய்யும். எந்த ஊர் என்பது பணம் கட்டும்போது தெரியாது.

குழுவில் இரண்டு கட்சி. கிளம்பும் நாள்வரை ஊர்ப் பெயர் வெளியே வரவே கூடாது என்பது ஒன்று. நான்கு ஊர்களை முன்பே காட்டி, அவற்றில் எது என்பதை மட்டும் மறைத்தால் போதும் என்பது மற்றது. விமானமும் விடுதியும் தெரிந்தவர்கள் இரண்டையும் பிய்த்து உதறுங்கள்.

தாம்பரம் ரவி:
முழுசா மூடி வைக்கிறதுதான் சரி. இந்தத் தளத்துக்கு வர்றவர் ஊரைத் தேர்ந்தெடுக்குற தலைவலியே வேண்டாம்னுதான் வர்றார். அவர்கிட்ட நாலு ஊரைக் காட்டினா என்ன ஆகும்? நாலையும் கூகுள்ல தேடுவார், ஒண்ணுல மனசு விழுந்துடும், மத்த மூணுல எது வந்தாலும் ஏமாற்றம். ஆச்சரியத்தை விக்கப் போய் ஏமாற்றத்தை வித்த கதையாயிடும்.

அமெரிக்காவுல பேக் அப் பிளஸ் கோங்கிற சர்ப்ரைஸ் பயண நிறுவனம் இதைத்தான் செய்யுது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது வானிலை மட்டும் சொல்வாங்க. ஊர்ப் பெயர் உறைக்குள்ள. விமான நிலையத்துல பிரிக்கணும்.

மீனா_யூஎக்ஸ்:
ரவி, ஜப்பான் உதாரணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் 2016 டிசம்பரில் கொண்டுவந்த ‘தோகோகானி மைல்’ திட்டத்தில் நான்கு ஊர்கள் திரையில் வரும். பிடிக்கவில்லையென்றால் மீண்டும் தேடி வேறு நான்கைப் பெறலாம். விண்ணப்பித்த 3 நாட்களுக்குள் எந்த ஊர் என்று தெரிவித்துவிடுவார்கள். 2022 டிசம்பரில் ஜேஆர் ஈஸ்ட் ரயில் நிறுவனமும் அதே அமைப்பை எடுத்துக்கொண்டது: 6,000 புள்ளிகள், நான்கு ரயில் நிலையங்கள், 3 நாட்கள்.

நான்கையும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று அழுத்துபவர் நான்குக்குமே சம்மதம் சொல்கிறார். ‘இந்த ஊர் என்று தெரிந்திருந்தால் பணமே கட்டியிருக்க மாட்டேன்’ என்ற புகார் அதற்குப்பின் எழாது. முழுக்க மூடிய முறையில் எழும். கொச்சியில் மாமியார் வீடு இருப்பவருக்குக் கொச்சியே விழுந்தால், நீங்கள் எவ்வளவு நல்ல விடுதி போட்டாலும் அவருக்கு அது சுற்றுலா ஆகாது.

ஜெர்மன் விமான நிறுவனமான யூரோவிங்ஸின் பிளைண்ட் புக்கிங் இன்னும் தாராளம். பயண வகையைத் தேர்ந்தெடுத்தால் ஊர்ப் பட்டியல் தெரியும், வேண்டாத ஊரைக் கட்டணம் கொடுத்து நீக்கலாம், பணம் கட்டியதுமே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள்.

கவுன்ட்டர் செல்வம்:
ரவி தம்பி, அந்த உறை ஐடியா அமெரிக்காவுல ஓடும், இங்க ஓடாது. அங்க டிக்கெட் இல்லாமலே டெர்மினலுக்குள்ள போயிடலாம். நம்ம ஊர்ல வாசல்லயே சிஐஎஸ்எஃப் வீரர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பார். முகத்தைக் காட்டி உள்ளே போற டிஜியாத்ரான்னா போர்டிங் பாஸையே முன்னாடி செயலியில ஏத்தணும். அப்போ உள்ளே போய்ப் பிரிக்கிற காட்சி கிடையாது. வாசலுக்கு வெளியே டிராலியும் கையுமா நின்னுதான் பிரிக்கணும்.

அடுத்தது வெப் செக்-இன். அதை நீங்க செஞ்சு கொடுத்தாலும் போர்டிங் பாஸ்ல ஊர் பெரிய எழுத்துல இருக்கும். செய்யாம விட்டா, குடும்பத்துக்குச் சேர்ந்து சீட் கிடைக்கிறது சந்தேகம். உள்நாட்டு விமானத்துக்குக் கவுன்ட்டர் வழக்கமா 60 நிமிஷம் முன்னாடியே மூடிடும்.

தாம்பரம் ரவி:
சரி அண்ணே, வாசலுக்கு வெளியே வேண்டாம். கிளம்புறதுக்கு 4 மணி நேரம் முன்னாடி, வீட்டுல இருக்கும்போதே செயலியில திறக்கட்டும். செக்-இன் நாமளே முடிச்சு வச்சிடலாம். விமான நிறுவனத்துக்கு நம்ம மொபைல் எண்ணும் மெயிலும் கொடுத்துட்டா எந்தச் செய்தியும் அவருக்கு நேராப் போகாது.

கவுன்ட்டர் செல்வம்:
அங்கதான் ஆபத்து. ராத்திரி 1 மணிக்கு ‘உங்கள் விமானம் ரத்து’ன்னு குறுஞ்செய்தி வந்தா உங்க ஆபீஸ் போன்லதான் அடிக்கும். பயணி 3 மணிக்குப் பெட்டியோட மீனம்பாக்கத்துல நிப்பார். இன்னொண்ணு, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதிப்படி புக்கிங் சமயத்துல போதிய தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு விமான ரத்துக்கான இழப்பீடு கிடையாது. அவர் எண்ணை மறைச்சா, அவரோட உரிமையில கை வைக்கிறீங்க.

பயணியோட எண்ணைத்தான் கொடுக்கணும். கொடுத்தா டிக்கெட் போட்ட நிமிஷமே ‘சென்னை – கோவா’ன்னு குறுஞ்செய்தி போயிடும். அதனால டிக்கெட் போடுற நேரமும் ஊர் தெரியுற நேரமும் ஒண்ணுதான்னு வச்சு டிசைன் பண்ணுங்க.

அரவிந்த்_பேக்எண்ட்:
செல்வம் அண்ணன் சொல்வது வெளிக்கசிவு. உள்கசிவும் இருக்கிறது. ஊர்ப் பெயரைத் திரையில் மறைத்துவிட்டு, சர்வர் பின்னணியில் அனுப்பும் தரவில் (ஏபிஐ பதிலில்) அனுப்பிவிடுவது இந்த வகைத் தளங்களில் எளிதில் நடக்கக்கூடிய தவறு. பிரவுசரில் எஃப்12 அழுத்தினால் நெட்வொர்க் பகுதியில் பளிச்சென்று தெரியும். வெளியிடும் நேரம் வரும்வரை சர்வர் அந்தத் தகவலையே அனுப்பக் கூடாது.

விடுதிப் படத்தின் கோப்புப் பெயரில் ஊர் இருக்கக் கூடாது. மெயிலின் தலைப்பில் மட்டுமல்ல, பூட்டிய திரையில் தெரியும் முதல் வரியிலும் இருக்கக் கூடாது. ஆறு எழுத்து பிஎன்ஆரை (விமான முன்பதிவுக் குறியீட்டை) ரசீதில் அச்சடித்தால், குடும்பப் பெயரையும் சேர்த்து விமான நிறுவனத் தளத்தில் போட்டு யாரும் எடுத்துவிடலாம். பயணிகள் எண்ணிக்கைக்கு இருக்கை கிடைக்கிறதா என்பதைப் பணம் வாங்குவதற்கு முந்தைய நொடியில் நான்கு ஊருக்கும் மறுபடி சோதியுங்கள். மூன்றில்தான் இருக்கிறது என்றால் நான்கைக் காட்டிப் பணம் வாங்குவது பொய்.

மீனா_யூஎக்ஸ்:
அந்தக் கடைசி வரியை வடிவமைப்பு விதியாகவே எழுதி வைக்கலாம். மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது.

நான்கு ஊர்களை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் அடங்கும் ஊர்களை மட்டும் ஒரு தொகுப்பில் வையுங்கள். டிசம்பரில் கொச்சி, கோவா, விசாகப்பட்டினம் மூன்றும் ஒன்றாக இருக்கலாம். ஜெய்ப்பூரையும் வாரணாசியையும் அதில் கலக்கக் கூடாது. இரவுக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும், சென்னைக்காரர் பலரிடம் அது இருக்காது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடல் பழகவே ஓரிரு நாள் வேண்டும் என்பதால் இரண்டு இரவுப் பயணத்தில் அதற்கு இடமே இல்லை. ஐஸ்வால் வேண்டாம், மிசோரமுக்குள் போக வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு தேவை. அகமதாபாத் இருந்தால் குஜராத்தில் மதுவிலக்கு என்பதை ஊர் அட்டையிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் மாறாதவை மேலே இருக்கட்டும்: எத்தனை மணிக்குள் கிளம்பி எத்தனை மணிக்குள் திரும்புவார், நேரடி விமானமா, எத்தனை கிலோ பெட்டி, விடுதி எத்தனை நட்சத்திரம், நகர மையத்திலிருந்து அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர், சைவ உணவு உண்டா. ஹாட்வயர் என்ற புக்கிங் தளம் விடுதியின் பெயரை மறைத்தாலும் பகுதியையும் நட்சத்திரத்தையும் வசதிகளையும் மறைப்பதில்லை. பெயர் ஒன்று தவிர மற்ற எல்லாம் தெரிந்தால்தான் தெரியாத ஹோட்டலுக்கு ஒருவர் கார்டு எண்ணைக் கொடுப்பார்.

தாம்பரம் ரவி:
பெட்டிக் கணக்கை ஒத்துக்குறேன். ஆனா வெப்பநிலையை டிகிரியில சொல்லாதீங்க. ‘குறைந்தபட்சம் 9’னு போட்டா ஊரையே சொன்ன மாதிரிதான். என்ன துணி எடுக்கணும், எந்தச் செருப்புன்னு பட்டியலாக் கொடுங்க.

ஊர் நீக்குறதுக்கும் வரம்பு வேணும். உதாரணத்துக்கு, எட்டு ஊர்ல அஞ்சை நீக்கினவருக்கு மறைக்க என்ன மிச்சம்? ரெண்டு இலவசம், மூணாவதுலேர்ந்து கட்டணம்.

மீனா_யூஎக்ஸ்:
கட்டணம் வாங்கலாம், ஆனால் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு (டார்க் பேட்டர்ன்) எதிரான மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்களில் பட்டியலிட்ட 13 வகைகளில் விலையைத் துளித்துளியாகக் கூட்டுவதும், கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், போலி அவசரம் காட்டுவதும் உண்டு. ‘இன்னும் 2 இடமே’ என்ற சிவப்பு எழுத்து சர்ப்ரைஸ் தளத்தில் இரட்டைக் கேடு. எந்த ஊரில் 2 இடம் என்று வாடிக்கையாளரால் சரிபார்க்கவே முடியாது.

பூங்குழலி:
இதுவரை வந்ததை வைத்து ஒரு வரைவு. எட்டு ஊர்த் தொகுப்பிலிருந்து இரண்டை இலவசமாக நீக்கலாம். மீதியில் நான்கு திரையில் வரும். பணம் கட்டியபின் 24 மணி நேரம் முழுப் பணத்தோடு ரத்து. அதுவரை டிக்கெட் போடுவதில்லை, ஊரும் முடிவாகாது. டிக்கெட் போட்டதும் ‘இப்போது திற’ என்ற பட்டன். அழுத்தாதவருக்குக் கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பு தானாகத் திறக்கும்.

கவுன்ட்டர் செல்வம்:
24 மணி நேரத்துல கட்டணம் ஏறினா? ஜப்பான்காரங்க 3 நாள் எடுத்துக்கலாம், சீட்டு அவங்களோடது. நீங்க அடுத்தவங்க சீட்டை விக்கிறீங்க. நாலுல எந்த ஊர் விலை ஏறலையோ அதுக்குப் போடலாம்னுதான் கை போகும். அதைச் செய்றதா இருந்தா ‘அன்றைய கட்டணத்தைப் பார்த்து ஊரை நாங்கள் முடிவு செய்வோம்’னு எழுதிடுங்க. குலுக்கல்னு சொல்லிட்டு மலிவானதைக் கொடுக்காதீங்க.

அப்புறம், டிக்கெட் போட்டதும் விமான நிறுவனத்தோட குறுஞ்செய்தி போகும்னு சொன்னேனே. அதனால ஆச்சரியம் வேணும்ங்கிறவருக்குப் பணம் கட்டும்போதே ஒரு கேள்வி கேளுங்க: ‘விமானச் செய்திகள் யாருக்குப் போகட்டும்?’ கூட வராத அண்ணனோ தோழியோ ஒருத்தரோட எண்ணை அவரே கொடுக்கட்டும். ஊர் எதுன்னு வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு.

தாம்பரம் ரவி:
எண் யோசனை அருமை அண்ணே. ‘இப்போது திற’ பட்டனைத்தான் ஏத்துக்க முடியல. அது கண்ணு முன்னாடி இருந்தா முதல் ராத்திரியே அழுத்திடுவாங்க. அப்புறம் பிடிக்கலைன்னு ரத்து பண்ணிட்டு வேற பேர்ல மறுபடி புக் பண்ணுவாங்க.

மீனா_யூஎக்ஸ்:
சர்க்கரை மாத்திரை எவ்வளவு எடுத்துப்போவது, அம்மாவுக்கு அங்கே மருத்துவமனை இருக்கிறதா என்று கவலைப்படுபவருக்கு அந்தப் பட்டன் அவசியம். எடுக்கக் கூடாது. முகப்பில் வேண்டாம், பயண விவரப் பக்கத்தின் அடியில் இருக்கட்டும், ஒரு முறை உறுதி கேட்கட்டும். காத்திருப்பு நேரம் எதுவும் வைக்காதீர்கள்.

அரவிந்த்_பேக்எண்ட்:
ரவியின் பயத்துக்குப் பட்டனைத் தொடவே வேண்டாம். ரத்துக் கட்டணத்தை டிக்கெட் போட்ட நேரத்திலிருந்து கணக்கிடுங்கள், திறந்த நேரத்திலிருந்து அல்ல. திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒரே தொகை. பார்த்துவிட்டு ரத்து செய்து மறுபடி புக் செய்பவர் ஒவ்வொரு முறையும் அதைக் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகை ரூபாயில் எவ்வளவு என்பது, ‘திற’ பட்டனுக்குப் பக்கத்தில் அல்ல, பணம் கட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.